வேலியோரத்தில் ஒரு துண்டு

கூட்டமுள்ள இடத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் தவசிக்கனியும் அன்று காலை செய்தார். கட்டுப்பல் இரண்டையும் கழற்றி டம்ளரில் போட்டார். காதுக்குப் பின்னாலிருந்த வலிவிசையை அணைத்தார். இனி எலும்பு முறிந்தால் சத்தம் கேட்கும், நோகாது. யாராவது ஆசையாகத் தொட்டாலும் தெரியாதுதான். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. வலிவிசை வந்தபிறகு உலகத்தில் வலி குறைந்தது. அடி குறையவில்லை.

செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒன்பது வருஷம் கழித்து மகள் இசக்கி வருகிறாள். தேரிக்காட்டில் கப்பல் இறங்குவதை அவரவர் நெற்றித்திரையில், படுத்தபடியே பார்க்கலாம். ஆனால் அவள் சொல்லியனுப்பியிருந்தாள்: "திரையில பாக்காதியப்பா. வேலியோரம் வந்து நேர்ல பாருங்க. நானும் ஜன்னல் வழியா உங்களப் பாப்பேன்."

வேலியோரம் அறுபது பேர் நிற்கலாம். வந்திருந்தது ஆறாயிரம். தவசிக்கனி முதல் ஆளாகப் போய், மனிதன் செவ்வாய்க்குக் குடிபோன பிறகும் மாறாத சட்டப்படி, கம்பியில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் அந்தத் துண்டின்மேல் இன்னொரு துண்டு. அதன்மேல் சாய்ந்திருந்தார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதிரவியம்.

"வே, அது என் எடம்."

"உம்ம பேரு எழுதிருக்கோ?"

"துண்டு போட்ருக்கேம்லா!"

"துண்டு இருக்கு. ஆள எங்க?"

தவசிக்கனி தலையால் முட்டினார். ஆசிரியரின் மூக்கு சிதறுதேங்காயாய் உடைந்தது. "ஒழுக்கங்கெட்ட பய!" என்று அவர் தவசிக்கனியின் விலா எலும்புகளை நிதானமாக எண்ணி, இரண்டை முறித்தார். யாருக்கும் நோகவில்லை, ஆகவே யாரும் நிறுத்தவில்லை. அறுபது இடத்திலும் இதே வழக்குதான். நடுவில் புகுந்த எந்திரக் காவலரின் தலையை யாரோ திருகி எறிந்தார்கள். செம்மணலில் உருண்டபடியே அது, "தயவுசெய்து வரிசையில் வாருங்கள்" என்றது. ஒருவர் அதை எடுத்துப் பக்கத்திலிருந்தவரின் மண்டையில் போட்டார்.

வானம் கிழிவதுபோல் ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. அப்போது தவசிக்கனி, மிச்சமிருந்த பற்களால் ஞானதிரவியத்தின் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கப்பல் இறங்கி, புகையும் அடங்கியிருந்தது.

ஒன்பது வருஷம் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்கு. அதையும் தின்றாயிற்று.

கதவு திறந்தது. நொண்டியபடி வந்தாள் இசக்கி. தவசிக்கனி அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியளாப்பா?"

"பாக்காமயா? என்னா அழகா எறங்குச்சு! நீ என்னயப் பாத்தியாட்டி?"

"பாத்தேம்ப்பா. வேலியோரம் ஜம்முனு நின்னியளே!"

அவளுடைய இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. கழுத்தெல்லாம் நகக்கீறல். கையில் பாதி கிழிந்த ஒரு துண்டு. கப்பலில் பதினோரு பேர், ஜன்னல் ஒன்று. யார் துண்டு முதலில் என்ற வழக்கு நிலாவைத் தாண்டும்போது தொடங்கி, தரை தொட்டபிறகுதான் ஓய்ந்திருந்தது.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தவசிக்கனிக்கு ஒன்றுமே தெரியவில்லை. மரத்தைக் கட்டியதுபோல் இருந்தது. மெல்லக் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். அவள் கையும் அவள் காதுக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

"எம்மா!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். பிடியை மட்டும் விடவில்லை.