பூசைக்கு வைத்த உளி

சுரேந்தர் உட்காரவே மறுத்துவிட்டார். தேக்கா சந்தைக்கு எதிரே, மாடியில் இருந்த, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் அந்தச் சின்ன அலுவலகத்தில் நின்றபடியே சொன்னார்.

"சாயங்காலம் ஆறு மணிக்குத் திருச்சி பிளைட்டு, மேடம். முதலாளியே டிக்கெட் போட்டுட்டாரு. திருடினேன்னு கையெழுத்துப் போட்டா ஊருக்கு அனுப்பிடுவாராம். இல்லன்னா போலீஸாம். நான் எடுக்கல. திருடன்னு பேரு வாங்கிட்டு எம் பொண்ணு முகத்துல எப்படி முழிக்கிறது?"

சந்திரமதி இருபத்தெட்டு ஆண்டுகள் போலீஸில் புலனாய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அவசரம் என்பதே வராது. அவசரமெல்லாம் உடன் வேலை பார்க்கும் வழக்கறிஞர் அமீராவுக்குத்தான்.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் சந்திரமதி.

"ரஞ்சிதம் அம்மாவோட தங்க ஒட்டியாணம். கொக்கி சரி பண்ணக் குடுத்தாங்க. முதலாளி கோவிந்தராசுதான் மேசை இழுப்பறையில வெச்சுப் பூட்டினாரு. நேத்து ஆயுத பூசை முடிச்சு ஏழு மணிக்குக் கடையைச் சாத்தினோம். காலையில பார்த்தா இழுப்பறை உடைஞ்சு கிடக்கு."

"பூட்டை உடைச்சுப் புகுந்த திருட்டு!" என்று அமீரா எழுதியே விட்டாள்.

"கடைப் பூட்டு உடையலைங்க. சாவி எனக்கும் அவருக்கும் மட்டும்தான்."

அமீரா அதை அடித்தாள். 'வேலையாள் திருட்டு' என்று எழுதப் போனவள், சுரேந்தரின் முகத்தைப் பார்த்துப் பேனாவை மூடிவிட்டாள்.

பூசையின்போது எடுத்து மகளுக்கு அனுப்பிய படத்தைச் சுரேந்தர் காட்டினார். வாழையிலையில் சுத்தியல், அரம், உளி, இடுக்கி. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். தராசையும் கதவையும்கூட விடவில்லை. பின்னால் இருந்த மேசைமேல் மட்டும் ஒரு சிவப்புப் பட்டுத் துணி தரைவரை தொங்கியது.

"பொட்டெல்லாம் யார் வெச்சது?"

"நான்தாங்க. மேசைக்குத் தானே வெச்சுக்கிறேன்னு முதலாளி சொன்னாரு. அந்தத் துணியும் அவர் விரிச்சதுதான்."

அரை மணி நேரத்தில் மூவரும் அந்த நகைப் பட்டறையில் இருந்தார்கள். சேதி கேட்டு ரஞ்சிதமும் வந்திருந்தார். மேசைமேல், கையெழுத்துக்குக் காத்திருந்தது அந்த ஒப்புதல் கடிதம்.

"பாருங்கம்மா, இவன் உளியேதான்," என்றார் கோவிந்தராசு. "முனையில ஒரு மூலை உடைஞ்சிருக்கு. அந்தத் தடம் அப்படியே மரத்துல பதிஞ்சிருக்கு. ராத்திரி வந்து இலையிலேருந்து எடுத்து நெம்பிட்டு, திரும்ப வெச்சிட்டான்."

சந்திரமதி குனிந்து பார்த்தார். தடம் கச்சிதமாகப் பொருந்தியது.

"காலையிலேருந்து இந்த உளியை யாராவது தொட்டீங்களா?"

"மறுபூசை போடாம யாரும்மா தொடுவாங்க?"

"சந்தனத்தை மூணு விரலால இழுத்திருக்காரு. கைப்பிடியைச் சுத்தி வருது. நல்லாக் காஞ்சிருக்கு, ஒரு துளிகூட உதிரல. இதைப் பிடிச்சு நெம்பியிருந்தா இப்படி இருக்குமா?"

"திரும்பப் பூசியிருக்கலாமே?" என்றாள் அமீரா, தான் யார் பக்கம் என்பதை மறந்து.

சந்திரமதி படத்தைப் பெரிதாக்கி உளியின் அருகில் பிடித்தார். "குங்குமம் இடது பக்கம் கொஞ்சம் வழிஞ்சிருக்கு. படத்துலயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். இது நேத்து வெச்ச அதே பொட்டு. அப்படின்னா பூசைக்கு முன்னாடியே இழுப்பறையை உடைச்சாச்சு. அதை மறைக்கத்தான் பட்டுத் துணி. கதவுக்குக்கூடப் பொட்டு இருக்கு. இந்த மேசைக்கு மட்டும் ஏன் இல்ல, கோவிந்தராசு?"

கோவிந்தராசு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லை தாண்டி ஜொகூர்ல ஒரு கல்யாணம்மா. பொண்ணுக்கு ஒருநாள் வாடகைக்குக் கேட்டாங்க, குடுத்தேன். திரும்பி வரல. ஆனா நான் திருடல! அவங்களே என் கையில குடுத்த நகைதானே?"

"உங்களை நம்பித்தானேய்யா குடுத்தேன்!" என்று ரஞ்சிதம் கத்தினார்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றார் சந்திரமதி கோவிந்தராசுவிடம் நிதானமாக. "அவங்களுக்குத் தெரியாம அவங்ககிட்டேயிருந்து எடுத்திருந்தா திருட்டு. பொய் சொல்லி வாங்கியிருந்தா ஏமாத்து வேலை. நம்பிக் குடுத்ததை இஷ்டத்துக்கு வாடகைக்கு விட்டா... அமீரா?"

"நம்பிக்கை மோசடி. சாதாரணத் திருட்டைவிடத் தண்டனை ஜாஸ்தி." இந்த முறை அவள் எதையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணுதான் புரியல," என்றார் சந்திரமதி. "பூசை முடிஞ்ச பிறகு உடைச்சிருந்தா மாட்டியிருக்கவே மாட்டீங்களே?"

கோவிந்தராசு வாழையிலையைப் பார்த்தார். "சாமிக்கு வெச்ச ஆயுதத்தை எப்படிம்மா தொடுறது? பாவமில்லையா?"

சுரேந்தருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனவரிடமிருந்து அமீரா பாய்ந்து பிடுங்கினாள். "கிழிக்காதீங்க, அது எவிடென்ஸ்!"

சுரேந்தர் வெறுங்கையோடு முதலாளியின் முன் நின்றார். "ஆறு வருஷம் உங்ககிட்ட வேலை பார்த்தேன். எம்மேல பழி போட்டது மட்டும் பாவமாத் தெரியலையா, முதலாளி?"

சந்திரமதி போலீஸுக்குப் போன் செய்தார். சுரேந்தர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்று முதன்முறையாக உட்கார்ந்தார்.