வாஷ்பேசின் குடித்த மருந்து

காலை எட்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள் லேப் டெக்னீஷியன். ஐந்தாம் படுக்கையில் கிடப்பது அவளுடைய சொந்த அக்கா. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. இதே படுக்கையில் இதற்கு முன் மூன்று பேர் இதே கிருமியால் போய்ச் சேர்ந்தார்கள். நான்காவது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நோயாளியின் கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் வெவ்வேறு மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வைப்பது அவள் வேலை. மருந்து கொல்லுமானால் பொட்டைச் சுற்றி வெற்று வட்டம் விழும். அக்காவின் தட்டில் பதினொரு பொட்டுகள் தோற்றுப்போயின. பன்னிரண்டாவதில் மட்டும் ஒரு வட்டம். அதைப் பார்த்த பிறகுதான் தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கடைசி மருந்து கேக்குது சிஸ்டர். டாக்டர் போடச் சொல்லிட்டார்.”

“உங்க அக்காவுக்கு ஆயுசு கெட்டிம்மா” என்றாள் மூத்த நர்ஸ். குப்பியை உடைத்து, வேண்டிய அளவை ஊசியில் இழுத்து டிரிப்ஸ் பாட்டிலில் கலந்தாள். மிஞ்சியதைத் தலைமாட்டில் இருந்த வாஷ்பேசினில் கவிழ்த்தாள்.

மடக்.

தண்ணீர் இறங்கும் சத்தம் இல்லை அது. யாரோ விழுங்கும் சத்தம்.

“அதுலயா ஊத்துறீங்க?”

“மிச்சத்த வேற எங்க ஊத்துறது? பத்து வருஷமா இதுலதான்.”

தங்கை வாஷ்பேசினுக்குள் குனிந்து பார்த்தாள். பத்து வருஷமாக, குழாய்க்குள் இருக்கும் கிருமிக்கு வந்த மருந்தில் எல்லாம் ஒரு வாய். கொல்லப் போதாத அளவு, பழகிக்கொள்ளப் போதுமான அளவு. பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறார்கள், அதுவும் வேளை தவறாமல்.

சல்லடை மூடியை நெம்பினாள். ஊறிய துணியின் நாற்றம் முகத்தில் அடித்தது. குழாயின் உட்சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். கோடிக்கணக்கான கிருமிகள் ஒரே போர்வைக்குள் ஒண்டிக் கிடந்தன. எந்த மருந்தும் அந்தப் போர்வையைத் தாண்டி அடிவரை போகாது. அவள் பஞ்சுக் குச்சியை நீட்டினாள்.

படலம் குச்சியை நோக்கி எழும்பியது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு தொட்டு எடுத்தாள். லேபில் அதைப் புதுத் தட்டில் தடவி, அதே பன்னிரண்டு பொட்டுகளையும் வைத்தாள்.

மறுநாள் காலை அந்தத் தட்டைத் திறந்தபோது அது முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. பன்னிரண்டாவது பொட்டைச் சுற்றி மட்டும் அடை அடையாகக் கிருமி மொய்த்துக் கிடந்தது. மருந்துக்குப் பயந்து ஒதுங்கும் கிருமியைத்தான் அவள் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

இது மருந்தைத் தேடி வந்திருந்தது.

கால் தரையில் பாவாமல் ஓடினாள்.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது.

“காய்ச்சல் விட்டுடுச்சு. நான்தான் சொன்னேன்ல?” என்று நர்ஸ் சிரித்தாள்.

தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். தட்டாவது மண்ணாங்கட்டியாவது, அக்கா பிழைத்துவிட்டாள்.

நர்ஸ் அன்றைய குப்பியை உடைத்து மருந்தைக் கலந்தாள். பழக்க தோஷம், மிச்சத்தை வாஷ்பேசின் பக்கம் கொண்டுபோனாள்.

“அதுல ஊத்தாதீங்க சிஸ்டர்.”

சொன்னது தங்கை இல்லை, அக்கா. நாக்கால் உதட்டைத் தடவியபடி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்க குடுங்க. பத்து வருஷத்துல இப்படி ஒரு ருசி வந்ததே இல்ல.”