மூச்சு படிந்த கண்ணாடிகள்

இரண்டாவது மாடியின் கடைசி வகுப்பறையில் மட்டும் ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கமாக வியர்த்திருந்தன.

வெர்லீன் வாசலிலேயே நின்றாள். டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளியை மூடி மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. செம்புக் குழாய்களைத் திருடர்கள் உருவிக்கொண்டு போகாமல் இரவெல்லாம் காவல் காப்பது அவள் வேலை. வெந்நீர்க் குழாய்களும் உறைந்துபோன கட்டடத்தில், நனைந்த கம்பளிக் கோட்டு வாடையும், பிள்ளைகளின் பின்னல் இடுக்கில் தடவும் எண்ணெய் வாடையும், அப்போதுதான் உரித்த ஆரஞ்சின் வாடையும் கலந்து வந்தன.

கீழே வண்டியில் இருந்த கூட்டாளி கர்டிஸைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேல யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? முதல்ல போலந்துக்காரப் புள்ளைங்க இருந்துச்சு. அவங்க புறநகருக்கு ஓடினதும் நம்ம கறுப்புப் புள்ளைங்க. நீ இங்க படிச்ச காலத்துல ரொம்பி வழியும்ல?"

"ஒரே நாற்காலியில ரெண்டு ரெண்டு பேரு உக்காருவோம்."

"கடைசியில ஒரு வகுப்புக்குப் பத்துப் பேரு தேறல. வீடு எரிஞ்சுது, ஏலத்துல போச்சு, எல்லாம் போயாச்சு. நீ இறங்கி வா தங்கச்சி, காபி ஆறுது."

மூடவிருந்த பள்ளியைக் காப்பாற்ற, சேர்ப்பதற்குப் பிள்ளை தேடி அவளும் தெருத் தெருவாக அலைந்தவள்தான். தட்டுவதற்குக் கதவே இல்லாத தெருக்கள். இப்போது எந்தப் பிள்ளையாவது குளிருக்கு இங்கே ஒதுங்கியிருந்தால், விடிவதற்குள் விறைத்துப்போகும்.

உள்ளே போனாள்.

"பயப்படாத கண்ணு. வெளிய வா."

டார்ச் வெளிச்சத்தில் வெற்று நாற்காலிகள். அவற்றில் ஒன்றின் மேல், ஒரு பிள்ளையின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில், வெண்புகையாய் ஒரு மூச்சு எழுந்து கலைந்தது. பக்கத்து நாற்காலியில் இன்னொன்று. பின்வரிசையில். எல்லா வரிசையிலும்.

காதிலிருந்த போனில் கர்டிஸின் குரல் மாறியிருந்தது.

"வெர்லீன், கட்டடம் பூரா கண்ணாடி வெள்ளையாயிடுச்சு. நீ எந்த ரூம்ல இருக்க?"

அறையில் மூச்சுகள் சட்டென்று நின்றன. எல்லாரும் அடக்கிக்கொண்டார்கள். யாரோ வரக் காத்திருப்பதுபோல.

பின்னோக்கி நகர்ந்து நடைக்கூடத்துக்கு வந்தாள். திரும்பினாள்.

படிக்கட்டுவரை மூச்சு. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அவள் இடுப்பளவு உயரத்தில், இடமில்லாமல் நெருக்கி நிற்கும் மூச்சு. படியேறி இன்னும் வந்துகொண்டிருந்தது.