பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சீப்பு

அப்பாவின் கடையில் சீப்பு, ரிப்பன், ஊசி, நூல், பொத்தான் எல்லாம் உண்டு. ரகசியமும் நிறைய உண்டு. அதை மட்டும் அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டார்.

"யார் என்ன வாங்கினாங்கன்னு வெளியே மூச்சு விடக் கூடாது. கடைப் பேச்சு கடையோட" என்பது அவருடைய சட்டம். பள்ளி விட்டதும் ஸ்டூலைப் போட்டுக் கடையில் உட்காரும் அவருடைய மகளுக்கும் அதே சட்டம்தான்.

மகள் ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் அவளுடைய பட்டப்பெயர் பாதிவிலை. டீச்சர் பத்துக் கணக்கு கொடுத்தால், "அஞ்சு போதுமே டீச்சர்" என்று எழுந்து நிற்பவள் அவள். இழுபறிக்குப் பிறகு ஏழில் முடியும். வகுப்பே மனதுக்குள் அவளுக்குக் கும்பிடு போடும்.

கொஞ்ச நாளாகக் கடையில் ஒரு விசித்திரம் நடந்தது. பற்கள் நெருக்கமாக இருக்கும் பேன் சீப்பு மடமடவென்று விற்றது. வாங்க வந்த அம்மாக்கள் முதலில் ரிப்பனைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு பொத்தானைப் புரட்டினார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சின்னச் சீப்பு ஒண்ணு குடுங்க. எங்களுக்கு இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு" என்றார்கள்.

அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. சீப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்.

"பேன் எல்லாம் பக்கத்து வீட்டுலதான் இருக்கு. அந்தப் பக்கத்து வீடு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள் பாதிவிலை.

"கடைப் பேச்சு" என்றார் அப்பா.

"கடையோட" என்று பெருமூச்சு விட்டாள் மகள்.

திங்கட்கிழமை காலை, வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் நீளச்சடையின் சட்டைக் காலரில் ஒரு பேன் நிதானமாக நடந்து போனது. பின்னால் இருந்த ஒலிபெருக்கி அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

"டீச்சர், பேன்! நீளச்சடை தலையில பேன்!"

மூன்று வகுப்புகள் தாண்டிக் கேட்டிருக்கும். நீளச்சடை தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் யோசித்துப் பார்த்தார். "மத்தவங்களுக்குத் தொத்திக்கக் கூடாது பாரு. சரியாகுற வரைக்கும் நீ கடைசி பெஞ்சுல தனியா உட்காரு" என்றார்.

இடைவேளையில் பாதிவிலை கடைசி பெஞ்சுக்குப் போனாள். நீளச்சடை அழுது முடித்திருந்தாள்.

"அம்மா ரெண்டு தடவை வாரிட்டாங்க. வாரினாலும் திரும்ப வருது. ஞாயித்துக்கிழமை மொட்டை அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றாள்.

"மொட்டையா?"

"சலவைக் கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து உன் தலையோட மல்லுக்கட்ட முடியாதுங்கறாங்க. ஆறு வயசிலிருந்து வளர்க்கிறேன் இதை."

பாதிவிலை அந்தச் சடையைப் பார்த்தாள். இடுப்பைத் தாண்டித் தொங்கியது. காதுக்குப் பின்னால் சொறிந்தாள். மறுபடியும் சொறிந்தாள். பிறகு கையைச் சட்டென்று இறக்கினாள்.

அன்று மாலை கடையில் அப்பாவிடம், "ஒரு பேன் சீப்பு குடுங்கப்பா" என்றாள்.

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டு..." என்று தொடங்கி நிறுத்தினாள். "எனக்குத்தான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இதை எனக்குன்னு கேட்டு வாங்குற முதல் ஆள் நீதான்" என்றார்.

சீப்பை எடுத்துக்கொண்டு எதிரில் இருந்த கிளினிக்குக்குப் போனாள். அங்கே நர்ஸ் அக்கா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரெண்டு தடவை வாரியும் பேன் ஏன் திரும்ப வருது?"

"ஈர் இருக்கே, அதான் பேனோட முட்டை, அது முடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு வாரத்துல பொரியும். அதனால நாலு நாளைக்கு ஒரு தடவை வாரணும். மொத்தம் நாலு தடவை."

"ரெண்டு தடவை போதாதா அக்கா?"

"அதைப் பேன்கிட்ட போய்ப் பேசு" என்று சிரித்தார் நர்ஸ் அக்கா. "எண்ணெய் தடவி, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு, அடியிலிருந்து நுனி வரைக்கும் வாரணும். ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில துடைக்கணும். மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய்னு எதையும் ஊத்தக் கூடாது, ஆபத்து. மொட்டையும் வேண்டாம்."

"பேன் தாவுமா? பறக்குமா?"

"ரெண்டும் தெரியாது. நடக்க மட்டும்தான் தெரியும். தலையும் தலையும் ஒட்டினா இங்கேயிருந்து அங்கே போயிடும். சுத்தமான தலை, அழுக்குத் தலைன்னு அதுக்கு வித்தியாசமே கிடையாது."

பாதிவிலைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வீட்டில் திங்கட்கிழமை ரகசியமாக வாருகிறார்கள். இன்னொரு வீட்டில் வெள்ளிக்கிழமை ரகசியமாக வாருகிறார்கள். இடையில் நான்கு நாள் இருக்கிறது. பிள்ளைகள் தலையோடு தலை வைத்து ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள். பேன்கள் சத்தமில்லாமல் வீடு மாறிக்கொள்கின்றன.

எல்லோரும் ஒரே நாளில் வாரினால் அவற்றுக்குப் போக இடம் இருக்காது. ஆனால் எல்லோரும் வாருவதற்கு, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

யார் யார் சீப்பு வாங்கினார்கள் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். ஒலிபெருக்கியின் அம்மா இரண்டு வாங்கினார். நாக்கு நுனி வரை வந்தது. கடைப் பேச்சு கடையோட. விழுங்கிவிட்டாள்.

மறுநாள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

"டீச்சர், எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும்."

"ரெண்டு" என்றார் டீச்சர். அவரும் தேறிவிட்டிருந்தார்.

மேசையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தாள். குனிந்து, முடியை முன்னால் தள்ளி, சீப்பால் வாரினாள். ஒன்று விழுந்தது. மறுபடி வாரினாள். இன்னும் இரண்டு விழுந்து, காகிதத்தில் கால்களை ஆட்டின.

"இது என்னோடது" என்றாள். கன்னம் சூடாக இருந்தது. காகிதத்தை மடக்காமல் நேராகத் தூக்கிக் காட்டினாள்.

ஒலிபெருக்கி வாயைத் திறந்தான்.

"சத்தமாச் சொல்லு. வாசல் வரைக்கும் கேட்கட்டும்" என்றாள் பாதிவிலை.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நர்ஸ் அக்காகிட்ட கேட்டேன். ஒருத்தி மட்டும் வாரினா போகாது. இருக்கிறவங்க எல்லாரும் ஒரே நாள்ல வாரணும். சனிக்கிழமை தொடங்கலாம். யாருக்கு இருக்குன்னு நான் கேட்க மாட்டேன். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். பேன் உள்ளவங்க கடைசி பெஞ்சுன்னா, என் இடமும் அங்கேதான்."

பையை எடுத்துக்கொண்டு போய் நீளச்சடையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீளச்சடை நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

பிறகு ஒரு பை தரையில் உராயும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி வந்து நின்றான்.

"நகருங்க" என்றான். அவன் வாழ்நாளில் பேசிய மிக மெல்லிய வார்த்தை அதுதான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இரட்டையர் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். கடைசி பெஞ்சு நிரம்பி, அதற்கு முந்தைய பெஞ்சும் நிரம்பியது. முன்னால் மிச்சமிருந்த நாலைந்து பேர், தங்களை மட்டும் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதுபோல் விழித்தார்கள்.

டீச்சரின் விரல் மெதுவாக அவருடைய கொண்டைக்குள் போனது. சொறிந்தது. வகுப்பே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"தனியா உட்கார வெச்சது என் தப்புதான்" என்றார். "எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க. சனிக்கிழமை நானும் வரேன்."

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மாலையில் பாதிவிலை சலவைக் கடைக்குப் போனாள். நீளச்சடையின் அம்மா ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார்.

"ஆன்ட்டி, மொட்டையை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க."

"ஒரு நாள்கூட முடியாது. எனக்குத் தெம்பு இல்லைம்மா."

"நீங்க வார வேண்டாம். நாங்க வாருறோம்."

"ஒரு வாரம் தரேன்."

"பேன்கிட்ட பேசிப் பார்த்துட்டேன் ஆன்ட்டி. அது குறைக்க மாட்டேங்குது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "சரி, ரெண்டு வாரம். நாலாவது தடவை நானே வாரிப் பார்ப்பேன். ஒண்ணே ஒண்ணு விழுந்தாலும் மொட்டைதான்."

"ஒத்துக்கிறேன். வெள்ளைத் துணி நீங்க குடுக்கணும்."

சனிக்கிழமை பள்ளி வராந்தா முழுக்க வெள்ளைத் துணி விரிந்தது. நர்ஸ் அக்கா ஒரு தலையில் செய்து காட்டினார். ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து வாரினார்கள். அவரவர் தலைக்கு அவரவர் சீப்பு. நீளச்சடையின் முடியை வார மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. பாதிவிலைக்கு விரல் வலித்தது. ஒரு கற்றையைக்கூட விடவில்லை. ஒலிபெருக்கி, "எனக்கு இருபத்தி மூணு" என்று பெருமையாக அறிவித்தான்.

புதன்கிழமை துணியில் குட்டிப் பேன்கள் மட்டும் விழுந்தன. "போதுமே" என்று சிலர் எழுந்தார்கள். "உட்காரு" என்றாள் பாதிவிலை. அவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொத்த வகுப்புக்கும் மூன்றே மூன்று.

வியாழக்கிழமை நீளச்சடையின் அம்மா வந்தார். மகளை உட்கார வைத்து, சடையை அவிழ்த்தார். கற்றை கற்றையாகப் பிரித்து, அடியிலிருந்து நுனி வரை வாரினார். ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வகுப்பே சுற்றி நின்றது.

துணி வெள்ளையாகவே இருந்தது.

அந்த நீள முடியை மூன்றாகப் பிரித்து, இறுக்கமாகப் பின்னி, நுனியில் ரிப்பன் கட்டிவிட்டார். அது புது ரிப்பன்.

மறுவாரம் கடைக்கு ஒலிபெருக்கியின் அம்மா வந்தார். ரிப்பனைத் தொடவில்லை. பொத்தானைப் புரட்டவில்லை.

"பேன் சீப்பு ஒண்ணு குடுங்க. எங்க வீட்டுக்குத்தான். என் தங்கச்சி பிள்ளைங்களோட வந்திருக்கா, எல்லாத் தலையிலயும் இருக்கு" என்றார். தெரு முழுக்கக் கேட்டது. மகனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பாதிவிலைக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பா வழக்கம்போல் காகிதத்தை எடுத்தார்.

"அது எதுக்குங்க?" என்று சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தார் அந்த அம்மா.

அப்பா காகிதத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்து, அலமாரியின் கடைசித் தட்டில் வைத்தார்.