காணாமல் போன ஏரி

'டுமீல்!'

கேப்டன் இக்னேஷியஸின் தலை பக்கத்து சீட்டில் சரிந்தது.

கோ-பைலட் ரெனிதா அலறினாள். ஆவடிக்கு மேலே, மழை மேகத்துக்கு நடுவே, நாலு சீட் குட்டி விமானம். ஓட ஏது இடம்?

பின் சீட்டிலிருந்து துப்பாக்கி அவள் பிடரியைத் தொட்டது. ஊர் சுற்றிப் பார்க்க என்று பொய்ப் பெயரில் ஏறியவன். சிவராமன். ரியல் எஸ்டேட் புள்ளி!

"கத்தாதம்மே! கொக்குத்தாங்கல் ஏரில பாதியத்தான் மூடச் சொன்னேன். அதுக்குப் போயி மேலேர்ந்து போட்டோ புட்ச்சி கோர்ட்டுக்குப் போறாராம் பெரிய மனுசன்!"

ரேடியோ வயர்களைப் பிய்த்து எறிந்தான்.

"ஆந்திரா பார்டர் தாண்டி ஒரு பாழாப்போன ரன்வே கீது. அங்க எறக்கு."

இறங்கியதும் அடுத்த தோட்டா தனக்குத்தான். ரெனிதா ஜி.பி.எஸ். திரையைத் தொட்டாள்.

"வெளிய ஒண்ணும் தெரியல சார். இந்த ஜி.பி.எஸ். சொல்ற வழியிலதான் போவணும். ரூட் போடட்டுமா?"

"போடு. இங்கியே சுத்திக்கினு இருந்தே... ஏரி காட்டிக் குடுத்துரும். நான் அங்கியே பொறந்து வளந்தவன்!"

ஏரி!

ரெனிதா திரையில் மேப் தெரியாமல் மறைத்தாள். மிச்சம் இருந்தவை வான்வழிப் புள்ளிகளின் ஐந்தெழுத்துப் பெயர்கள். அவனுக்கு அது கிரீக்கும் லத்தீனும். அவளுக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்கும் பாதை. அதற்கு முன்னால் ஒரு 'ஹோல்டு' போட்டாள்... ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வரச் சொல்லும் கட்டளை.

ஆட்டோபைலட்டில் விமானம் மெதுவாக வட்டமடித்தது. மேகத்துக்குள் உடம்புக்கு அது தெரியாது.

திடீரென்று மேகம் கிழிந்தது!

சிவராமன் எட்டிப் பார்த்தான். ரெனிதா மனசுக்குள் ஜபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுகூட பாதியில் நின்றுபோனது.

கீழே செம்மண் பொட்டல். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏரியே காணோம்... ஊரத் தாண்டிட்டோம்! சபாஷ்மே!"

அவள் அடுத்த பட்டனை அழுத்தினாள். விமானம் இறங்கியது. மழைக்குள் வரிசையாக விளக்குகள்...

"பாழாப்போன ரன்வேல இன்னாமே லைட்டு?"

"இப்ப சுட்டா ரெண்டு பேருமே காலி சார்!"

சக்கரங்கள் தரையைத் தொட்டன. நாலா பக்கமும் போலீஸ் ஜீப்!

ரேடியோ பேசாமல் ஒரே இடத்தைச் சுற்றும் விமானத்தைப் பார்த்தால், கீழே ரேடாரில் இருப்பவர்கள் சும்மாவா இருப்பார்கள்?

கேப்டனின் கண்களை மூடிவிட்டு ரெனிதா விசும்பி அழுதாள்.

விலங்கு பூட்டிய கையோடு சிவராமன் உறுமினான்.

"ஏரி கண்ல படவே இல்லியே... எப்டி?"

"அதுக்கு மேலயேதான் சுத்தினோம். கேப்டன் நேத்து எடுத்த போட்டோவ நான் பாத்தேன். உன் லாரிக்காரனுங்க முழு ஏரியையும் மூடிட்டானுங்க!"

"பாதிதான மூடச் சொன்னேன்!"

ரெனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்ளோ சுறுசுறுப்பு அண்ணாத்தே! அவனுங்களும் பின்னாடியே உள்ள வருவானுங்க... மறக்காம போனஸ் குடுத்துடு!"