ஆறட்டும் என்று அணைத்த விளக்கு

"ஹெட்லைட்டப் போடு நைனா."

கேட்டே விட்டாள் செலின். இந்த ஒன்றை மட்டும் அப்பாவிடம் கேட்கவே கூடாது என்று அம்மா ஆரோக்கியம்மாள் ஒரு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தாள். "வேற இன்னா வேணா கேளு. வண்டில லைட்டு மட்டும் போடச் சொல்லாத. அந்த மன்சன் தாங்கமாட்டாரு." ஏன் என்று கேட்டால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அப்பா ராயப்பன் அசையவில்லை.

மேனாம்பேட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வேன் நின்றிருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து நவம்பர், ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததிலிருந்து செலின் வேனுக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளுமாகத்தான் கிடந்தாள். வானம் மூடிக்கொண்டிருந்ததால் சாயங்காலம் முடிவதற்குள்ளேயே இருட்டு வந்துவிட்டது.

தையல் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்குகிற வேன் அது. போன மழைக்காலத்திலிருந்து ராயப்பன் பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதில்லை. இரண்டு ஷிப்டும் ஓட்டினால் ஓட்டு, இல்லாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்போதும் அவர் பொழுது சாய்வதற்குள் வேனைக் கொண்டுவந்து மனையில் நிறுத்திவிட்டார். செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லைட்டு மங்கலா கீதுன்னா லைட்ட மாத்து. அதுக்கு ஒரு வருஷம் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறதா?"

அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிலே சோதித்துப் பார்க்கிற வேலை. அப்பாவுக்காகக் காத்திராமல் அவளே வேலையில் இறங்கிவிட்டாள். பழைய வேன்களில் ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்டு முழுவதும் டிரைவர் கைக்கெதிரே இருக்கிற சின்ன சுவிட்சுக்குள் புகுந்துதான் போகும். மெல்லிய ஒயர். பாதி பலம் வழியிலேயே போய்விடும். பல்பு மஞ்சளாக அழும், சுவிட்சோ தொட முடியாமல் கொதிக்கும். செலின் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை நேராக விளக்குக்கு இழுத்து, நடுவில் ஃப்யூசும் ரிலேயும் வைத்தாள். இனிமேல் சுவிட்சு ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். சுமையை ரிலே தாங்கிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு லோகநாதன் மதியமே மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். "இன்னா செலினு, காலேஜு படிச்சிட்டு வண்டிக்கு அடில பட்த்துகினு கீற. மாப்ள அங்கதான் ஒளிஞ்சிகினு கீறானா?"

"ஆமாண்ணாத்தே. ஒருத்தன் இருந்தான். உங்கள மாதிரியே வாயி. வேணான்னு வுட்டுட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

"போடு நைனா," என்றாள் மறுபடி. ராயப்பன் கையை மடியில் வைத்துக்கொண்டார். செலின் ஜன்னல் வழியே கையை விட்டு சுவிட்சை இழுத்தாள்.

பானெட்டுக்குள் ரிலே டக்கென்றது.

எதிரே இருந்த குடோன் சுவர் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்தது. அப்படியொரு வெளிச்சத்தை அந்த வேன் கண்டதே இல்லை. செலினுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

வலது விளக்கின் வெளிச்சம் சுத்தமாக இருந்தது. இடது விளக்கின் வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு நிழல். தலைமேல் கட்டு ஒன்றைச் சுமந்து நிற்கிற பெண்ணின் நிழல்.

வேனுக்கும் சுவருக்கும் நடுவே வெறும் மண்தான் கிடந்தது.

கண்ணாடியில் அழுக்கு இருக்கும் என்று துடைத்தாள். நிழல் போகவில்லை. விளக்கை அணைத்து, வலது பல்பை இடதிலும் இடது பல்பை வலதிலும் மாற்றிப் போட்டு, மறுபடி எரியவிட்டாள். நிழல் இடது பக்கத்திலேயே நின்றது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். எல்லா வேனையும் போல, எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாமலிருக்க, வலது கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்பு பெயின்ட் பூசியிருந்தது. இடது கண்ணாடியில் பெயின்ட் இல்லை. அது புதுக் கண்ணாடி.

"நைனா, இந்தக் கண்ணாடி எப்ப மாத்துன?"

"கல்லு பட்டு ஒடஞ்சிச்சி." அவர் குரல் வேனுக்குள்ளிருந்து வந்தது போலவே இல்லை.

விளக்கைச் சுற்றியிருந்த வளையத்தின் திருகைக் கழற்றினாள். முதலில் வாசனைதான் வந்தது. அப்போதுதான் அறுத்த புல்லின் வாசனை. அதன் பின்னாலேயே ஏரிச் சேற்றின் வாடை. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். விளக்குக்குப் பின்னால் தகர மடிப்பில் ஒரு பிடி புல் சிக்கியிருந்தது.

ஒரு கோடை முழுக்கக் கொதித்துக் காய்ந்த தகரம் அது. புல் பச்சையாக இருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது.

சுவரை நிமிர்ந்து பார்த்தாள். நிழல் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

நிழல் பெரிதானால், மறைத்து நிற்கிற பொருள் விளக்கை நெருங்குகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும்.

நிழல் பெரிதாகிக்கொண்டே இருந்தது.

"அணச்சிடு," என்றார் ராயப்பன், உதடு அசையாமல். "பழைய லைட்டுல தூரமாத்தான் நிப்பா. இவ்ளோ கிட்ட வந்ததில்ல."

"யாரு?"

"சாமுண்டீஸ்வரி."

பக்கத்துக் கொரட்டூரில் அந்தப் பேரைத் தெரியாதவர்கள் கிடையாது. போன மழைக்காலத்தில் மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் நடந்து வந்தவள். ஏதோ லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்றார்கள். அவள் புருஷன் வீரராகவன் இன்றைக்கும் சாயங்காலமானால் லாரி நிற்கிற இடங்களாகத் தேடிப் போய், ஒவ்வொரு லாரியின் முகப்பையும் குனிந்து தடவிப் பார்க்கிறார்.

"சுவிட்சு கொதிச்சிச்சி செலினு. கொஞ்சம் ஆறட்டும்னு லைட்ட அணச்சேன். கரை ரோடு நேரா கீதே, டிரைவருங்க எல்லாரும் பண்றதுதான். உடனே திருப்பிப் போட்டுடுவோம். போட்டேன். ஒரு லைட்டுதான் எரிஞ்சிச்சி."

"நிறுத்தலயா?"

அவர் சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "நீ ஒன் கம்பெனி வாசல்ல எனக்காக நின்னுகினு இருந்தியே."

அவளுக்கு நினைவு வந்தது. அன்று காலையில்தான் தெருவே கேட்கக் கத்தியிருந்தாள். இன்னிக்கும் லேட்டா வந்தா அப்பன்னு சொல்லிக்கினு வந்து நிக்காத. அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். இடது விளக்கு செத்திருந்தது. இன்னா நைனா, ஒத்தக் கண்ணோட வந்துகினு கீற என்று தோழிகள் முன்னால் சிரித்தாள்.

அப்போதே அவள் ரிலே சோதிக்கிற வேலையில்தான் இருந்தாள். எத்தனையோ ரிலே அந்தக் கை வழியாகப் போயிருந்தது. அப்பாவின் வண்டி பானெட்டைத் திறந்து பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பார்த்திருந்தால், சுவிட்சு ஆறட்டும் என்று யாரும் விளக்கை அணைக்கத் தேவையே இருந்திருக்காது.

சுவிட்சை உள்ளே தள்ளினாள்.

ரிலே டக்கென்றது. விளக்கு அணையவில்லை.

ஸ்பேனரை எடுத்து பேட்டரி ஒயரைக் கழற்றினாள். ஒயர் கையில் தொங்கியது.

விளக்கு அணையவில்லை.

நிழல் சுவர் முழுக்கப் பரவியது. பிறகு சுவரின் இடது பாதி இருட்டாகவே போய்விட்டது. பல்பு எரிகிறது, அவள் கண்ணெதிரே எரிகிறது. வெளிச்சம் மட்டும் வெளியே வரவில்லை. கண்ணாடியை ஒட்டி ஏதோ நின்றது.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மூச்சு பட்டது போல ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

"உள்ள வாடி." பின்வாசலில் அம்மா நின்றிருந்தாள். "சொல்லித்தான வெச்சேன்."

"ஒனக்கும் தெரியும்."

ஆரோக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சர்ச்சு சாமியார் கிட்ட எல்லாத்தயும் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாருடி. மன்னிப்பு குடுத்தாச்சி. முடிஞ்சிபோச்சி."

"செத்தது சாமியார் பொண்டாட்டியா?"

"வாயக் கழுவு. வெளில தெரிஞ்சா அவர ஜெயில்ல தூக்கிப் போட்டுடுவாங்க. நம்ம ரெண்டு பேரும் எங்க போயி நிக்கறது?"

செலின் கையில் தொங்கிய ஒயரைக் கீழே போட்டாள். இவ்வளவு நேரம் அப்பா மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் பச்சைப் புல்லின் ஈரம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, துடைக்க வராமல். அவள் ஜன்னலருகே போனாள்.

"வீரராகவன் ஊட்டுக்குப் போறேன். வர்றியா நைனா?"

ராயப்பன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல போலாமே," என்றார் ஒரு குழந்தை கெஞ்சுவது போல.

"அவரு இன்னிக்கும் லாரிலாரியா தடவிக்கினு இருப்பாரு நைனா."

கையில் இருந்த கரியைத் துணியில் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அப்பா பேரைச் சொல்லப் போகிறாள். அன்று காலையில் தான் கத்தியதையும் விடாமல் சொல்லப் போகிறாள். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

சந்து முனையில் குறுக்கே படுத்திருந்த நாய் எழுந்து அவளுக்கு வழி விட்டது. அவள் தாண்டிய பிறகும் அது படுக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு மதிலோடு ஒட்டி, இன்னொருவர் போகட்டும் என்பது போல நின்றது.

செலின் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் சுமையோடு வருகிறவர்களுக்காக நாம் செய்வது போல, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டாள்.