சாமியம்மாள் குடிக்காத மோர்

கத்திரி வெயில் நெய்வேலியை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. காக்காய்கூட நிழல் தேடிப் போய்விட்டது. ஆனால் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த சாமியம்மாளும் ருக்குமணியும் குவார்ட்டர்ஸ் தெருவோரம் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் வழியே பார்த்த ஜெனிஷாவுக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருப்பவள் அவள். சொம்பு நிறைய மோர் கலக்கிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, மோர் குடிங்க."

"நல்லா இரு பாப்பா" என்ற சாமியம்மாள், ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். ருக்குமணி உதட்டை நனைத்ததோடு சரி.

மறுநாளும் அதே கதைதான். உப்புக் கூடிவிட்டதோ? ஜெனிஷா குடித்துப் பார்த்தாள். இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு அமோகமாக இருந்தது. மிச்சத்தையும் அவளே காலி செய்தாள். வருத்தம் மட்டும் தீரவில்லை.

அதற்கடுத்த நாள் சாமியம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேப்ப மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ருக்குமணி முந்தானையால் விசிறினார். பயந்துபோன ஜெனிஷா சொம்போடு ஓடி வந்தாள்.

"ஏன்க்கா குடிக்கவே மாட்டேங்குறீங்க? என் மோர் நல்லா இல்லையா?" கேட்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

சாமியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "உன் மோருக்கு என்னா கொறச்சல் கண்ணு? நெறைய குடிச்சா ஒண்ணுக்குப் போவணுமில்ல. இங்க நாங்க எங்க போறது? வடலூர்ல வூட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கினு இருக்கணும். அதான் குடிக்கிறதே இல்ல."

பள்ளியில் ஒருநாள் கழிப்பறை பூட்டியிருந்தபோது தான் பட்ட பாடு ஜெனிஷாவுக்குத்தான் தெரியும். இவர்களுக்குத் தினமும் அந்தப் பாடா? வீட்டுக்குள் ஓடினாள்.

"அம்மா, தோட்டத்து பாத்ரூமுக்கு இந்த அக்காங்க வரட்டுமா?"

அம்மா சகாயமேரி காய் நறுக்குவதை நிறுத்தினார். "யாரு எவருன்னு தெரியாம..." என்று இழுத்தார்.

"வீட்டுக்குள்ள வர வேணாம்மா. பின்னாடி கேட்டைத் திறந்தா போதும். பாத்ரூம் இல்லாம தண்ணி குடிக்கவே பயப்படுறாங்க. ஒருத்தங்க மயங்கி உட்கார்ந்துட்டாங்கம்மா."

அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெண்களை அவரும் தினமும் பார்த்தவர்தானே. எழுந்துபோய்ப் பின்பக்கக் கேட்டைத் திறந்தார். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்.

"அக்கா, ரெண்டு பேரும் வாங்க. இங்க வேலை முடியிற வரைக்கும் நம்ம கேட் திறந்தேதான் இருக்கும்."

இருவரும் போய்விட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு முருங்கை நிழலில் உட்கார்ந்தார்கள். சாமியம்மாள் சொம்பை வாங்கி, அண்ணாந்து கடகடவென்று குடித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்துடன் கேட்டார்.

"இன்னும் இருக்குதா பாப்பா?"

மதியம் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சைமன்ராஜ், வியர்வையைத் துடைத்தபடி, "ஜெனிஷா, கொஞ்சம் மோர் கொண்டாம்மா" என்றார்.

"ஒரு சொட்டுகூட இல்லப்பா, எல்லாம் தீர்ந்துபோச்சு" என்றாள் ஜெனிஷா, பரிசு வாங்கியவளைப் போலச் சிரித்துக்கொண்டே.